பாசி புடிச்சுப் போன ஸ்விம்மிங் பூல காலி பண்ணணுமா, மொதல்ல கெணத்த எட்டிப் பாருங்க

எங்க பெரியப்பா வீடு சென்னை ஈசிஆர்ல, முட்டுக்காடு தாண்டி கோவளம் போற பக்கம். வீட்டுக்குப் பின்னாடி ஒரு பூல் இருக்கு, 24 அடிக்கு 12 அடி, ஒரு பக்கம் மூணரை அடி ஆழம் இன்னொரு பக்கம் அஞ்சரை. பசங்க எல்லாம் வெளிநாட்டுல செட்டில் ஆனதுக்கப்புறம் நாலு வருஷம் அத யாரும் தொடல. பச்சையா இருந்துச்சுன்னு சொல்ல மாட்டேன், அந்த ஸ்டேஜெல்லாம் தாண்டி டிகாஷன் கலருக்கு வந்துருந்துச்சு, மேல வாதாம் எலை ஒரு பாய் விரிச்ச மாதிரி, அதுக்கு மேல ஒரு தவளை ரொம்ப உரிமையா உக்காந்துருந்துச்சு.

பொங்கலுக்கு எல்லாரும் வர்றாங்க, அதுக்குள்ள க்ளீன் பண்ணிடுன்னு பெரியப்பா போன்ல சொல்லிட்டாரு. நானும் இதுல என்ன இருக்கு, ஒரு பம்ப வாடகைக்கு எடுத்து ஓஸ் போட்டா சாயந்தரத்துக்குள்ள முடிஞ்சிடும்னு நெனச்சேன். பம்பு சொல்லி அட்வான்ஸும் குடுத்தாச்சு. அன்னிக்கி வேற வேலையா வந்த ஒரு வயசான கொத்தனார் மேஸ்திரி பூல பாத்துட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாரு, "தம்பி, கெணத்துல தண்ணி எங்க நிக்குதுன்னு பாத்தீங்களா?" கெணத்துக்கும் பூலுக்கும் என்ன சம்பந்தம்னு முழிச்சேன். அவரே போய் எட்டிப் பாத்துட்டு வந்து சொன்னாரு, "நாலரை அடில நிக்குது. இப்ப எறச்சீங்கன்னா தொட்டி மேல கெளம்பி வந்துரும் பாத்துக்கங்க."

அவரு சொன்னது சும்மா பயமுறுத்தல் இல்ல. பூல்ங்கறது மண்ணுக்குள்ள பொதைச்சு வச்ச ஒரு படகு மாதிரி. உள்ள தண்ணி இருக்குற வரைக்கும் அந்த கனத்துல அது அமுங்கி உக்காந்துருக்கும், காலி பண்ணிட்டீங்கன்னா சுத்தி மண்ணுல இருக்குற நிலத்தடி தண்ணி அத கீழேர்ந்து தள்ளும். எவ்வளவு தள்ளும்னு கணக்கு போட்டு பாத்தேன், எங்க பூல் தரை 288 சதுர அடி, தரைய விட ஒரு அடி ஒசரத்துல வெளியில தண்ணி நின்னா 288 கன அடி, கன அடிக்கு 28.3 கிலோன்னு வச்சா எட்டு டன்னுக்கு மேல மேல்நோக்கி தள்ளுது. ஆறு இன்ச் கான்கிரீட்ல கட்டின முழு தொட்டியோட எடை தோராயமா 20 டன்தான் வருது. அப்ப வெளியில ரெண்டு ரெண்டரை அடி தண்ணி நின்னாலே தொட்டி மெதக்குற நெலமை, அதுக்கும் முன்னாடியே தரை நடுவுல விரிசல் விட்டுடும். ஃபைபர் பூல்னா எடையே கிடையாது, இன்னும் சீக்கிரம் எகிறிடும். வெளிநாட்டுல இத பூல் பாப் ஆயிடுச்சுன்னு சாதாரணமா சொல்றாங்க, நம்மூர்ல தொட்டி தூக்கிடுச்சும்பாங்க. தூக்கின தொட்டி திரும்ப உக்காராது, ஒடைச்சுப் போட்டுட்டு புதுசா கட்ட வேண்டியதுதான்.

அதனால மொத வேலை தண்ணி மட்டம் பாக்குறது. கெணறு இருந்தா காலையில மோட்டார் போடுறதுக்கு முன்னாடி பாருங்க, மோட்டார் ஓடினதுக்கப்புறம் பாத்தா கெணத்துல மட்டம் எறங்கிருக்கும், நம்ம ஏமாந்துடுவோம். ஒரு கயித்துல நட்டு போல்ட்டு எதையாவது கட்டி எறக்குங்க, தண்ணிய தொடுற எடத்துல முடிச்சு போட்டு டேப் வச்சு அளங்க. ஆனா கெணத்துச் சுவரும் பூல் ஓரமும் ஒரே ஒசரத்துல இருக்காதே, அதுக்கு மேஸ்திரிங்க வச்சிருக்குற டியூப் லெவல்தான் பெஸ்ட், ட்ரான்ஸ்பரண்ட் டியூப்ல தண்ணி ஊத்தி ஒரு முனைய இங்க ஒரு முனைய அங்க புடிச்சா வித்தியாசம் தெரிஞ்சிடும். பூலோட ஆழமான தரைக்கு கீழ கொறஞ்சது ரெண்டு அடியாவது எறங்கி நிலத்தடி தண்ணி இருக்கணும், அப்பதான் நான் பம்ப்ப தொடுவேன். போர்வெல் மட்டத்த வச்சு முடிவு பண்ணாதீங்க, அது எங்கயோ ஆழத்துல இருக்குற ஊத்தோட கணக்கு, மேல் மண்ணுல நிக்குற தண்ணிக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லாம இருக்கலாம். கெணறே இல்லன்னா பூலுக்கு பக்கத்துல ஆகர்னு மண்ண தொளைக்கிற கருவி வச்சு ஏழு எட்டு அடி குழி போட்டு, பக்கவாட்டுல சின்னச் சின்ன ஓட்டை போட்ட நாலு இன்ச் பிவிசி பைப்ப எறக்கி ஒரு ராத்திரி விட்டு காலையில பாருங்க, ஈசிஆர் மாதிரி மணல் பூமில இது அரை நாள் வேலைதான், களிமண்ணுன்னா கொஞ்சம் மல்லுக்கட்டணும்.

நம்ம பக்கம் வடகிழக்கு பருவமழை அக்டோபர்லேர்ந்து டிசம்பர் வரைக்கும் கொட்டித் தீக்கும், அதனால ஜனவரி பிப்ரவரில மண்ணுக்குள்ள தண்ணி நல்லா மேல நிக்கும். எங்களுக்கு நாலரை அடில நின்னது அதனாலதான், பூல் அடியே அஞ்சரை அடி. ஏப்ரல் மே தான் சரியான டைம். பொங்கலுக்கு வந்தவங்க எல்லாம் அந்த டிகாஷன் தொட்டிய பாத்து கிண்டல் பண்ணிட்டு போனாங்க, பரவால்ல. மே மாசம் திரும்ப கயிறு விட்டப்ப பதினோரு அடி. அட்வான்ஸ் திரும்ப வரல, அது வேற கதை.

இன்னொன்னு, எல்லா பூலையும் காலி பண்ணணும்னு அவசியமே இல்ல. பச்சையா இருந்தாலும் ரெண்டடி ஆழத்துல படிக்கட்டு கண்ணுக்கு தெரியுதுன்னா, எலைய அள்ளிட்டு, க்ளோரின் ஏத்தி, ஃபில்டர் விடாம ஓட்டி, படிகாரம் போட்டு அடியில படிய வச்சு வேக்யூம்ல உறிஞ்சினா ஒரு வாரத்துல தேறிடும், தண்ணியும் மிச்சம். வினைல் லைனர் போட்ட பூல்னா காலி பண்ணவே பண்ணாதீங்க, அந்த ஷீட்டு வெயில்ல சுருங்கி திரும்ப சரியா உக்காராது. கான்கிரீட்டு, டைல்ஸ், அதுலயும் அடி சுத்தமா தெரியல, உள்ள என்ன கெடக்குன்னே தெரியலங்கற கேஸுக்குத்தான் இங்க எழுதுற வேலை.

சரி, எறைக்க முடிவு பண்ணியாச்சுன்னா மொதல்ல எவ்வளவு தண்ணின்னு கணக்கு போடுங்க. நீளம் அகலம் சராசரி ஆழம் மூணையும் அடியில பெருக்கி 28.3 ஆல பெருக்கினா லிட்டர். எங்களுக்கு 24, 12, நாலரை, ஏறத்தாழ 36,700 லிட்டர். 12,000 லிட்டர் லாரின்னா மூணு லோடு, திரும்ப ரொப்புறதுக்கு எவ்வளவு செலவாகும்னு இப்பவே தெரிஞ்சிக்கலாம், பல பேரு எறச்சதுக்கப்புறம்தான் இத யோசிக்கிறாங்க.

பம்ப்ல நல்ல தண்ணி சப்மெர்சிபிள் வேலைக்காகாது, ரெண்டு எலை மாட்டினா நின்னுடும். சாக்கடை தண்ணி எறைக்கிற செவேஜ் சப்மெர்சிபிள் 1 எச்பி கேளுங்க, கட்டட வேலைக்கு சாமான் வாடகைக்கு விடுற கடைல கெடைக்கும். கரண்ட் இல்லாத எடம்னா பெட்ரோல் எஞ்சின் பம்பு இருக்கு, ஆனா அத பூல் பக்கத்துல உள்ள ரூமுக்குள்ளயோ குழிக்குள்ளயோ எறக்கி வச்சு ஓட்டாதீங்க, பொகை அங்கயே தேங்கினா ஆளையே சாச்சிடும். பூலோட சொந்த மோட்டார வச்சே ஃபில்டர் மேல தண்ணி போற வழிய மாத்துற மல்டிபோர்ட் வால்வ 'வேஸ்ட்'ல திருப்பி எறைக்கலாமேன்னு தோணும், தண்ணி ஓரளவு சுத்தமா இருந்தா தாராளமா பண்ணலாம், ஆனா மோட்டார ஆஃப் பண்ணிட்டுத்தான் அந்த கைப்பிடிய திருப்பணும். நாலு வருஷம் ஓடாத மோட்டார்னா சீல் எல்லாம் காஞ்சு போயிருக்கும், எங்களுது போட்ட உடனே ம்ம்ம்னு ஒரு சத்தம் குடுத்துட்டு ட்ரிப் ஆயிடுச்சு, அத்தோட அத விட்டாச்சு.

பம்ப அப்படியே தூக்கி உள்ள போடாதீங்க. மார்க்கெட்ல தக்காளி வர்ற ப்ளாஸ்டிக் க்ரேட் இருக்குல்ல, அத சுத்தி கிரீன் நெட்ட ரெண்டு சுத்து சுத்தி கட்டி, அதுக்குள்ள பம்ப வச்சு எறக்குங்க, எலை குச்சி எல்லாம் வெளியிலயே நின்னுடும். நான் மொதல்ல நெட் இல்லாம போட்டு பத்து நிமிஷத்துக்கு ஒருதடவ தூக்கி கழுவிட்டு இருந்தேன், இடுப்பு போச்சு. பம்ப நைலான் கயித்துல தொங்க விடணும், ஒயர்ல தொங்க விட்டீங்கன்னா ஒயர் பிரிஞ்சு தண்ணியில கரண்ட் எறங்கிடும். கரண்ட் விஷயத்துல மட்டும் அலட்சியம் வேணாம், 30 மில்லியாம்ப் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா ஒடனே கட் பண்ற ஸ்விட்ச்) இருக்குற லைன்லேர்ந்து எடுங்க, ஜாயின்ட் எதுவும் தரையில கெடக்கக்கூடாது, பம்ப் ஓடும்போது யாரும் தண்ணிக்குள்ள எறங்கக்கூடாது, எறங்கணும்னா ஆஃப் பண்ணி ப்ளக்க புடுங்கிட்டுத்தான். பூலுக்குள்ள லைட் இருந்தா அந்த ப்ரேக்கரையும் எறக்கிடுங்க, பழைய லைட்டெல்லாம் தண்ணி சுத்தி இருந்தாத்தான் சூடு அடங்கும், காஞ்ச தொட்டியில எரிஞ்சா வெடிச்சிடும்.

எறைக்கிறதுக்கு முன்னாடி மேல கெடக்குறத நீள கம்பு வல வச்சு அள்ளிடுங்க, கைய விடாதீங்க. மெதக்குற குப்பைய இழுத்து கூடையில புடிக்கிற ஸ்கிம்மர் பெட்டி மூடிய தொறக்கும்போது கம்பால நெம்பி தொறங்க. எங்களுதுல ஒரு பாம்புச் சட்டை முழுசா, தலையிலேர்ந்து வால் வரைக்கும் கிழியாம, கூடைய சுத்தி ஒட்டிக்கிட்டு கெடந்துச்சு. சட்டை இங்க இருக்கு, ஆளு எங்க? அன்னிக்கி வேலைய அத்தோட நிறுத்திட்டோம். அடுத்த நாள் தண்ணி எறங்க எறங்க மேல வந்தது ஒரு தண்ணிப்பாம்பு, அதுக்கு வெஷம் கெடையாதுன்னாலும் கடிக்கும். ஆனா நல்ல பாம்பும் இந்த மாதிரி எடத்துல வரும், வழவழன்னு சுவர் இருக்குறதால விழுந்தா ஏற முடியாம உள்ளயே கெடக்கும். நீங்களே ஹீரோ ஆகாம 101க்கு போன் பண்ணுங்க, தீயணைப்புத் துறைல வந்து புடிச்சிட்டு போவாங்க. ஒரு பலகைய சாய்வா எறக்கி வச்சீங்கன்னா தவளை ஓணான் எல்லாம் தானா ஏறிப் போயிடும்.

கொசுவுக்காக வாட்ச்மேன் அண்ணன் என்னிக்கோ நாலு ஜிலேபி கெண்டைய விட்டிருக்காரு, அது அறுபது எழுபதா பெருகி நின்னுச்சு. இத கால்வாயிலயோ ஏரிலயோ விட்டுடாதீங்க, அது வெளியூர் மீனு, எறங்கினா நம்ம மீன எல்லாம் ஓரங்கட்டிடும். பக்கத்து தோப்புல சிமென்ட் தொட்டி வச்சிருக்கறவருக்கு பக்கெட்ல தூக்கிக் குடுத்தோம்.

தண்ணிய எங்க விடுறது? இதுலதான் நான் சொதப்பினேன். பூல் பின்னாடி பத்தடி தூரத்துல ஒரு தென்ன மரம், அதுக்கு பாயட்டுமேன்னு ஓஸ் முனைய அங்க போட்டேன், மணல் பூமி, விட்ட தண்ணி விட்ட எடத்துல குடிக்குது, குளம் மாதிரி கூட தேங்கல, பாக்க சந்தோஷமா இருந்துச்சு. இருபது நிமிஷம் கழிச்சுத்தான் ஒறைச்சுச்சு, இந்த தண்ணி எங்க போகும், நேரா எறங்கி பூலுக்கு அடியிலதான போகும், உள்ள இருக்குறத எடுத்து வெளிய ஊத்தி நானே அடியிலேர்ந்து தள்ளி விட்டுட்டு இருக்கேன். விவசாயத்துக்கு வாங்குவாங்களே நீலக் கலர் தட்டை ஓஸ், அதுல 100 அடி வாங்கி வீட்டு முன்பக்கம் இருக்குற தென்னைகளுக்கு மாத்தினேன். முடிஞ்ச வரைக்கும் தூரமா, சரிவா இருந்தா கீழ்ப்பக்கமா விடுங்க. செப்டிக் டேங்க்ல விடாதீங்க, அது ரொம்பி வீட்டுக்குள்ள திரும்பிடும். தெருவுல விட்டா பக்கத்து வீட்டுக்காரங்க சண்டைக்கு வருவாங்க, நியாயம்தான். மழைநீர் வடிகால்ல விடுறதுன்னா பஞ்சாயத்துலயோ கார்ப்பரேஷன்லயோ ஒரு வார்த்தை கேட்டுட்டு விடுங்க.

வருஷக்கணக்கா கெடந்த தண்ணியில க்ளோரின் இருக்காது, செடிக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா சில பேரு க்ளீன் பண்றேன்னு எறைக்கிறதுக்கு முந்துன நாள் ஒரு மூட்ட ப்ளீச்சிங் பவுடர கொட்டிடுவாங்க, அப்படி கொட்டிருந்தா சொட்டு மருந்து டெஸ்ட் கிட்ல பாத்து மஞ்சள் கலர் வராம இருந்தாத்தான் மரத்துக்கு விடணும். உப்பு தண்ணி க்ளோரினேட்டர் வச்ச பூல்னா தோட்டத்துப் பக்கமே விடாதீங்க.

இப்ப ஓட்டுறது. சாயந்தரம் அஞ்சு மணிக்கு ஆரம்பிங்க. மே மாச மத்தியான வெயில்ல காஞ்ச தொட்டிய தொறந்து போட்டா டைல்ஸ் எல்லாம் சூட்டுல பொங்கி பட்டு பட்டுன்னு எகிறும், அதனால ராத்திரி எறைச்சு, விடியக்காலைல கழுவி, வெயில் ஏறும்போது மேல கிரீன் நெட் கட்டிடணும். பம்ப் பெட்டில 15,000 லிட்டர்னு போட்டிருக்கறத நம்பாதீங்க, 200 லிட்டர் நீல ட்ரம்ம ஓஸ் முனையில வச்சு எத்தன செகண்ட்ல ரொம்புதுன்னு பாருங்க. எங்களுக்கு 55 செகண்ட், அப்படின்னா மணிக்கு 13,000 சொச்சம், மொத்தமும் மூணு மணி நேரத்துல முடியணும்.

ஆனா ஒரே மூச்சுல எறைக்காதீங்க. பாதி எறங்கினதும் நிறுத்திட்டு ஒரு மணி நேரம் உக்காந்து பாருங்க. டார்ச் அடிச்சு டைல்ஸ் ஜாயின்ட்ட பாருங்க, அழுக்குத் தண்ணி வழியுறது பரவால்ல, அது மேல ஒட்டியிருந்தது. ஆனா ஒரு ஜாயின்ட்லேர்ந்து தெளிஞ்ச தண்ணி கண்ணீர் மாதிரி கசிஞ்சு வந்துட்டே இருந்தா, அது வெளியில இருந்து உள்ள வருதுன்னு அர்த்தம். அதே மாதிரி பூல் ஓரக்கல்லுக்கும் சுத்தி உள்ள தரைக்கும் நடுவுல புதுசா கோடு விட்டாலோ, அடியில டொப்புன்னு சத்தம் கேட்டாலோ யோசிக்கவே வேணாம், பம்ப நிறுத்திட்டு எந்த தண்ணி கெடைக்குதோ அத திரும்ப உள்ள விடுங்க, அழுக்கா இருந்தாலும் பரவால்ல. பூல் அடியில இருக்குற மெயின் ட்ரெயின் (வடிகால்) குழியில ஹைட்ரோஸ்டேட்டிக் வால்வுன்னு ஒண்ணு சில பூல்ல இருக்கும், வெளித் தண்ணி அழுத்தம் வந்தா அது தொறந்து உள்ள விட்டுடும், தொட்டி தப்பிக்கும். இருந்தா நல்லது, ஆனா நாலு வருஷ சேத்துல அது தொறக்கும்னு நம்பி எறங்காதீங்க.

கடைசி ஒரு அடிதான் நரகம். தண்ணி இல்ல, கூழு. முட்டை அழுகின நாத்தம். கம்பூட்ஸ் ரப்பர் க்ளவுஸ் இல்லாம எறங்காதீங்க, எலி ஓடின எடம், எலிக்காய்ச்சல் கால்ல இருக்குற சின்ன வெட்டு வழியாவே வரும். பாசி மேல கால வச்சா சறுக்கிட்டு ஆழமான பக்கம் போய்தான் நிப்பீங்க, ஏணிய ஆழம் கம்மியான பக்கம் வச்சு எறங்குங்க. சேத்த முறத்தாலயோ தட்டு மண்வெட்டியாலயோ ஓரத்துக்கு தள்ளி, கொத்தனார் பாண்டு சட்டில அள்ளி, கயித்துல மேல தூக்கினோம். எங்களுக்கு நாப்பது பாண்டு வந்துச்சு. காய வச்சு தென்னைக்கு போட்டா நல்ல எரு.

ஓரத்துல தண்ணி வழிஞ்சு ஓடுற மாதிரி கட்டின பூல்னா பக்கத்துல மூடி போட்ட பேலன்சிங் டேங்க் ஒண்ணு இருக்கும். அதுக்குள்ள தயவு செஞ்சு யாரையும் எறக்காதீங்க, கூலிக்கு வந்தவரா இருந்தாலும் சரி. அது மூடின குழி, உள்ள சேறு அழுகி வாயு தேங்கிருக்கும், செப்டிக் டேங்க்ல எப்படி சாவுறாங்களோ அதே கதைதான், ஒருத்தர காப்பாத்த போய் இன்னொருத்தரும் போவாங்க. மூடிய தொறந்து வச்சு, மேலேர்ந்தே பம்ப் எறக்கி, மேலேர்ந்தே ஓஸ்ல பீச்சி கழுவுங்க.

தண்ணி போனா கொசு போச்சுன்னு நெனக்காதீங்க. டெங்கு பரப்புற ஏடிஸ் கொசு தண்ணி மட்டத்துக்கு கொஞ்சம் மேல ஈரச் சுவர்ல முட்டை ஒட்டி வைக்கும், அந்த முட்டை காஞ்சு கெடந்தாலும் மாசக்கணக்குல உசுரோட இருந்து, திரும்ப தண்ணி பட்டதும் பொரியும். அதனால அந்த பழைய தண்ணி கோடு தெரியுது பாருங்க, அதுக்கு மேலயும் கீழயும் ஒரு அடி நைலான் ப்ரஷ்ஷால அழுத்தி தேச்சு எடுங்க, பூல் கழுவுறதுலயே முக்கியமான எடம் அதுதான். கறைக்கு ஆசிட் அடிக்கிறதா இருந்தா பக்கெட்ல தண்ணிய மொதல்ல ஊத்தி, பத்துக்கு ஒண்ணுங்கற கணக்குல ஆசிட்ட அதுல ஊத்துங்க, மாத்தி பண்ணா மூஞ்சில தெறிக்கும். அந்தப் பொகை காத்த விட கனம், தொட்டிக்கு அடியிலயே நிக்கும், ரெண்டு பேரு மாறி மாறி எறங்குங்க. ப்ளீச்சிங் பவுடர் போட்ட எடத்துல ஆசிட் படவே கூடாது, க்ளோரின் வாயு வந்துடும். ப்ளீச்சிங் பவுடரையும் பூலுக்கு போடுற டிசிசிஏ க்ளோரின் மாத்திரையையும் ஒரே பக்கெட்ல கலந்தா வெடிக்கும், ஒரே அளவுக் கப்ப ரெண்டுக்கும் யூஸ் பண்றது கூட வேணாம்.

கழுவும்போதே ஒரு காசு வச்சு தரை டைல்ஸ தட்டிட்டே போங்க, டொக்கு டொக்குன்னு பொள்ளலா சத்தம் வர்ற எடத்துல சாக்பீஸ்ல மார்க் பண்ணிட்டு அப்பவே ஒட்ட வச்சிடுங்க. காலி தொட்டிய ரெண்டு மூணு நாளுக்கு மேல போட்டு வைக்காதீங்க, மே மாசத்துலயும் திடீர்னு ஒரு மழை பெய்யும். கொழந்தைங்க இருக்குற வீடுன்னா சுத்தி கயிறாவது கட்டுங்க, தண்ணி இருக்குற பூல விட காஞ்ச பூல்ல விழுந்தா அடி ஜாஸ்தி.

நாங்க மூணாவது நாள் காலைல மொத லாரிய விட்டோம், முழு ஃபோர்ஸ்ல டைல்ஸ் மேல அடிக்காம இருக்க ஒரு பழைய மெத்தைய ஆழமான பக்கம் போட்டு அதுமேல ஓஸ வச்சோம். ரொம்பினதும் படிக்கட்டுல ஒரு பக்கெட்ட தண்ணியோட வச்சு, பக்கெட்டுக்கு உள்ள ஒரு கோடு, வெளிய பூல் மட்டத்துக்கு ஒரு கோடு போட்டு வைங்க. ஒரு நாள் கழிச்சு ரெண்டும் ஒரே அளவு எறங்கிருந்தா வெயில் குடிச்சது, பூல்ல ஜாஸ்தி எறங்கிருந்தா லீக்கு. எங்களுக்கு பக்கெட்ல கால் இன்ச், பூல்ல முக்கால் இன்ச். லைட் மாட்டின ஓட்டைய சுத்திதான் போகுதுன்னு மேஸ்திரி சொல்றாரு, அதுக்கு முழுசா எறைக்க வேணாமாம், லைட்டுக்கு கீழ வரைக்கும் எறக்கினா போதுமாம்.